கண் கொடுத்த கதை

கோடைக் காலத்தில் கிணற்றிலோ குளத்திலோ முங்கி, நீருக்கடியில் கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? படிக்கட்டு தெரியும், உடன் குளிக்கும் நண்பனின் காலும் தெரியும். ஆனால் எதற்கும் ஓரம் இராது; எல்லாம் கலங்கலாகவே தோன்றும். நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இதே கதிதான். காரணம் நீரில் இல்லை. நம் கண்ணில்தான் இருக்கிறது.

கண்ணைப் பற்றி வகுப்பில் பேச்சு வரும்போதெல்லாம், ஒளியைக் குவிப்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லைதான் என்று மாணவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர். இதில் சுமார் 43 டயாப்டர் கண்ணின் முகப்பில் உள்ள ஒரு மெல்லிய ஏட்டினால் வருகிறது. அதன் நடுப்பகுதியின் கனம் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். குறுக்களவு பதினொன்று, பன்னிரண்டு மில்லிமீட்டர். காற்றிலிருந்து வரும் ஒளி இந்த ஏட்டினுள் நுழையும்போதுதான் பெரிதும் வளைகிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. இந்த ஏட்டினுடையது 1.376. நீரில் முங்கினால் காற்றின் இடத்துக்கு 1.33 எண்ணுள்ள நீர் வந்துவிடுகிறது. வேறுபாடு சுருங்கியதும் திறனும் போயிற்று. உங்கள் தாத்தா செய்தித்தாள் படிக்க அணியும் கண்ணாடி இரண்டு மூன்று டயாப்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால், 43 டயாப்டரை இழப்பது எத்தகைய இழப்பு என்பது விளங்கும்.

இதைத்தான் மருத்துவர்கள் கார்னியா என்கிறார்கள். தமிழில் கருவிழிப் படலம் என்று வழங்குகிறோம். பொருத்தமில்லாத பெயர்தான், ஏனென்றால் அதில் கருமை சிறிதும் கிடையாது. நாம் காணும் கருமை அதற்குப் பின்னால் உள்ளது. கடிகாரத்தின் முகப்புக் கண்ணாடியைப் போல, இது தான் தெரியாமல் பின்னால் உள்ளதைக் காட்டுவது.

உயிருள்ள தசை எப்படிக் கண்ணாடிபோல் தெளிவாக இருக்க முடியும்? கருவிழிப் படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. தனக்கு வேண்டிய உயிர்வளியைப் பெரும்பாலும் கண்ணீரில் கரைந்த காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனுள் கொலாஜன் என்னும் புரத இழைகள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. ஒரு மில்லிமீட்டரை முப்பதாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஓர் இழையின் கனம் ஏறத்தாழ அவ்வளவு. இழைகளுக்கிடையே உள்ள தொலைவும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது, ஏறக்குறைய ஒரே சீரானது. ஒவ்வோர் இழையும் சிதறடிக்கும் ஒளி அக்கம்பக்கத்து இழைகள் சிதறடிக்கும் ஒளியோடு மோதி அழிந்துவிடுகிறது. நேராகச் செல்லும் ஒளி மட்டும் உள்ளே போகிறது. 1957-ல் டேவிட் மாரிஸ் என்பவர் தந்த விளக்கம் இது. இந்த ஒழுங்கு குலைந்தால் தெளிவும் குலையும். முட்டையின் வெண்கருவைப் பாருங்கள்: பச்சையாக இருக்கும்போது ஊடுருவிப் பார்க்கலாம், வெந்தபின் சுண்ணாம்புபோல் வெளுத்துவிடும். பொருள் ஒன்றேதான், அடுக்குதான் மாறியது. புண், அடிபடுதல், வைட்டமின் 'ஏ' குறைவு, அமிலம், சுண்ணாம்பு இவற்றால் கருவிழிப் படலத்துக்கு நேர்வதும் இதுவே. பின்னால் உள்ள விழித்திரையும் நரம்பும் நல்ல நிலையில் இருக்க, முன் கதவு மட்டும் மூடிக்கொள்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் கையில் விளையாடக் கொடுப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

கதவைக் கழற்றி வேறு கதவு மாட்டினால் என்ன? இந்த எண்ணம் மிகப் பழையது. சாமுவேல் பிகர் என்ற அயர்லாந்து மருத்துவர் எகிப்துப் பக்கம் அரபு நாடோடிகளிடம் சிறைப்பட்டிருந்தபோது, பார்வையிழந்த ஒரு மானுக்கு மற்றொரு மானின் கருவிழிப் படலத்தைப் பொருத்தினார். அதை 1837-ல் வெளியிட்டார். மறு ஆண்டே நியூயார்க்கில் கிஸ்ஸம் என்பவர் பன்றியின் படலத்தை ஒரு மனிதருக்கு வைத்துப் பார்த்தார். சில நாள் ஒளி தெரிந்தது. பிறகு வெளுத்துப் போயிற்று. ஆடு, நாய், முயல் என்று பலவும் முயன்றார்கள். விலங்கின் பகுதியை மனித உடல் ஏன் ஏற்க மறுக்கிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது.

1905 டிசம்பர் 7-ஆம் நாள், இன்று செக் நாட்டில் உள்ள ஓலோமவுட்ஸ் நகரில், எடுவர்ட் சிர்ம் என்ற மருத்துவர் ஒரு கூலித் தொழிலாளிக்கு அறுவை செய்தார். சுண்ணாம்பு பட்டு அவருடைய இரு கண்களும் வெந்து போயிருந்தன. உலோகத் துண்டு பாய்ந்து காப்பாற்ற வழியில்லாமல் போன கண்ணோடு பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் அதே சமயத்தில் அங்கே வந்திருந்தான். அவனது கண்ணை எடுத்தேயாக வேண்டும். ஆனால் அதன் கருவிழிப் படலம் நன்றாக இருந்தது. சிர்ம் அந்த ஒரே படலத்திலிருந்து இரண்டு வட்டங்களை வெட்டித் தொழிலாளியின் இரு கண்களிலும் வைத்தார். ஒன்று பழுதாயிற்று, மற்றொன்று நிலைத்தது. அவர் பார்வை பெற்று வேலைக்குத் திரும்பினார். ஒரு மனித உடலின் பகுதி இன்னொரு மனித உடலில் நெடுங்காலம் நிலைத்த முதல் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. இரட்டையர்களிடையே சிறுநீரகம் மாற்றிய பாஸ்டன் அறுவை நடந்தது இதற்கு 49 ஆண்டுகளுக்குப் பிறகு, 1954-ல்தான்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அறுவை வெற்றிதான். ஆனால் அதைத் திரும்பச் செய்ய வேண்டுமானால், இன்னொரு குழந்தையின் கண்ணில் இரும்பு பாய வேண்டும்! கொடுப்பவர் யார் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. அதற்குப் பிந்தைய நூறாண்டு வரலாற்றை மருத்துவத்தின் வரலாறு என்பதைவிட, இந்தக் கேள்விக்கு மனிதர்கள் தந்த விடைகளின் வரலாறு என்றே சொல்லலாம் என்பது என் எண்ணம்.

முதல் விடை ஒடெசா நகரிலிருந்து வந்தது. விளாதிமிர் ஃபிலாதவ் 1930-களில் இறந்தவர்களின் கண்களைக் குளிர்நிலையில் வைத்திருந்து பயன்படுத்தினார். கருவிழிப் படலத்துக்கு இரத்த ஓட்டம் தேவையில்லை அல்லவா? ஆகவே இதயம் நின்றபின்னும் அது சில மணி நேரம் பழுதுறாமல் இருக்கிறது. இரத்தக் குழாய் இல்லாததனால் உடலின் காவற்படைகளும் அதை எளிதில் கண்டுகொள்வதில்லை. ஒரே பண்பு இரண்டு வகையில் உதவிற்று. உயிருள்ளவர் எவரும் இழக்காமல் ஒருவர் பெற முடியும் என்று இப்போது தெரிந்தது.

ஆனால் இறந்தவரின் கண் யாருக்குச் சொந்தம்? நியூயார்க்கில் டவுன்லி பாட்டன் என்ற மருத்துவர், சிங் சிங் சிறையில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கைதிகளின் கண்களைப் பெற்று வந்து அறுவை செய்தார். இப்படியே காலம் தள்ள முடியாது என்று கண்ட அவர், பொது மக்களே மனமுவந்து கொடுக்கட்டும் என்று 1944-ல் அந்நகரில் ஒரு கண் வங்கியை நிறுவினார். 'வங்கி' என்ற சொல் அப்போதுதான் கண்ணோடு சேர்ந்தது. பணம் போட்டவர் திரும்பப் பெறும் வங்கியல்ல இது. போடுகிறவர் ஒருவர், எடுக்கிறவர் வேறொருவர்.

பிரிட்டனில் இதற்குச் சட்டமே தேவைப்பட்டது. தம் கண்ணைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று ஒருவர் உயிரோடிருக்கும்போது எழுதி வைக்கலாம், அல்லது இறுதி நோயின்போது இரு சாட்சிகளின் முன் வாயால் சொல்லலாம் என்று 1952-ஆம் ஆண்டின் கருவிழி ஒட்டுச் சட்டம் வகை செய்தது. நம் நாட்டில் பம்பாய் மாநிலம் 1957-ல் இத்தகைய சட்டம் இயற்றிற்று.

சட்டத்துக்கு முன்பே தமிழ்நாட்டில் செயல் தொடங்கிவிட்டது. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தோன்றியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அங்கே டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா 1945-ல் இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். 1948-ல் கருவிழி மாற்று அறுவையும் செய்தார். நியூயார்க்குக்கும் சென்னைக்கும் இடையே ஓராண்டுதான் இடைவெளி! அறிவியல் முறைகள் நம்மிடம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று வழக்கமாகக் குறைப்பட்டுக்கொள்கிறோம். இங்கே அப்படி ஆகவில்லை. வங்கி விரைவில் வந்தது. அதில் போடுவதற்கு மக்கள் முன்வருவதுதான் தாமதமாயிற்று.

இந்த இடத்தில் பாக் நீரிணைக்கு அப்பால் சென்று பார்ப்போம். 1958-ல் கொழும்பில் ஹட்சன் சில்வா என்ற மருத்துவ மாணவர் செய்தித்தாளில் ஒரு கட்டுரை எழுதினார். 'இறந்த கண்ணுக்கு உயிர்' என்று பொருள்படும் தலைப்பு. பார்வை பெறக்கூடியவர்கள் இருக்கிறார்கள், மருத்துவர்களும் இருக்கிறார்கள், கண்கள்தான் இல்லை என்பதே செய்தி. 1960-ல் அவருடைய தாயார் காலமானபோது, அந்த அம்மையாரின் கருவிழிப் படலம் ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தப்பட்டது. பிறருக்குச் சொன்னதைத் தம் வீட்டில் செய்து காட்டிய பின் அவருடைய சொல்லுக்கு எடை கூடியிருக்கும் என்பதில் ஐயமில்லை. தொடக்கத்தில் சேர்ந்த கண்களைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே அவரும் அவர் மனைவியும் வைத்துக் காத்தார்கள். 1961-ல் இலங்கைக் கண் தானச் சங்கம் உருவாயிற்று. மூன்றே ஆண்டுகளில், 1964-ல், பனிக்கட்டி வைத்த குடுவையில் சிங்கப்பூருக்குக் கண்கள் சென்றன. வெளிநாட்டுக்குச் சென்ற முதல் கண்கள் அவை. பின்னர் பாகிஸ்தான், ஜப்பான், எகிப்து என்று எத்தனையோ நாடுகள். 2012-ஆம் ஆண்டு நிலையை ஆராய்ந்து 2016-ல் வெளியான உலகக் கணக்கெடுப்பு ஒன்றில், கருவிழிகளை அயல்நாடுகளுக்குத் தரும் நாடுகளில் முன்னணியில் நின்றவை இரண்டு: ஒன்று அமெரிக்கா, மற்றொன்று இலங்கை. அமெரிக்காவின் அளவையும் இலங்கையின் அளவையும் நிலப்படத்தில் பாருங்கள்.

இது எப்படி நேர்ந்தது? இலங்கையர் நம்மைவிடப் படித்தவர்கள் என்று சிலர் சொல்வார்கள். அதனால் மட்டும் இது ஆகாது. மிகவும் படித்த நாடுகள் பல அவர்களிடம் கண் வாங்குகின்றன. விடையின் ஒரு பகுதி ஒரு கதையில் இருக்கிறது.

சிபிச் சக்கரவர்த்தியை நமக்குத் தெரியும். புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்தவன். சோழர்கள் தங்களை அவன் வழி வந்தவர்கள் என்று சொல்லிச் செம்பியர் என்று பெயர் கொண்டார்கள். பௌத்தர்களின் ஜாதகக் கதையிலோ சிவி வேறொன்று செய்கிறான். பார்வையற்ற முதியவர் ஒருவர் வந்து கண்ணைக் கேட்கிறார். அரசன் தன் இரு கண்களையும் தருகிறான். கதையில் ஒரு மருத்துவனும் வருகிறான், சீவகன் என்று பெயர். அவன் ஒரே மூச்சில் கண்ணைப் பிடுங்கிவிடுவதில்லை. மருந்துப் பொடியைச் சிறிது சிறிதாகப் பயன்படுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தி, இன்னும் சரிசெய்துவிட முடியும், மன்னர் மறுபடி யோசிக்கட்டும் என்கிறான். தானம் செய்பவரின் ஒப்புதல் எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்கு இன்றைய சட்டப் புத்தகங்களில்கூட இதைவிட நல்ல விளக்கம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. தேரவாத பௌத்தம் தானத்தைப் படிகளாகப் பிரிக்கிறது: பொருளைத் தருவது ஒரு படி, உறுப்பைத் தருவது அதற்கு மேற்படி, உயிரைத் தருவது எல்லாவற்றுக்கும் மேற்படி. கண் தானம் என்று ஹட்சன் சில்வா சொன்னபோது, கேட்டவர்களுக்கு அது மேல்நாட்டு மருத்துவத்தின் புதுமையாகப் படவில்லை. சிறு வயதில் கேட்ட கதையாகப் பட்டது.

நமக்கும் கதை இல்லாமல் இல்லை. காளத்தி மலையில் தன் கண்ணை அம்பால் அகழ்ந்து இறைவன் கண்ணில் அப்பிய கண்ணப்பரைப் பெரியபுராணம் பாடுகிறது. ஆனால் அந்தக் கண் போனது கடவுளுக்கு; பக்கத்து ஊர்க் குடியானவனுக்கு அல்ல. ஜாதகத்தில் கேட்டு வந்தவர் முதியவர் உருவில் வந்த தேவர் தலைவன்தான் என்றாலும், கொடுத்தவனுக்கு அது தெரியாது. இந்தச் சிறு வேறுபாடு பெரிய விளைவைத் தந்ததோ என்னவோ, அறுதியிட்டுச் சொல்ல நான் துணிய மாட்டேன். கதையோடு அமைப்பும் சேர்ந்தது என்பது மட்டும் உறுதி. ஊர்தோறும் கிளைகளும் விகாரைகளும் செய்தியைக் கொண்டு சென்றன.

மறுபக்கம் ஜப்பானைப் பாருங்கள். அங்கே கருவிழி மாற்றுக்கான சட்டம் 1958-லேயே வந்துவிட்டது. பத்தாண்டு கழித்து, 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் முதல் இதய மாற்று நடந்தது. அதைத் தொடர்ந்து 1968 ஆகஸ்டில் ஜப்பானின் சப்போரோ நகரில் ஜூரோ வாடா இதய மாற்று அறுவை ஒன்றைச் செய்தார். நோயாளி 83 நாள் உயிரோடிருந்தார். பின்னர் ஐயங்கள் எழுந்தன. இதயம் கொடுத்த இளைஞர் உண்மையில் இறந்திருந்தாரா? பெற்றவருக்கு மாற்று இதயம் தேவைதானா? இறப்பை உறுதி செய்தவரும் உறுப்பை எடுத்தவரும் ஒரே பக்கத்தவரா? மருத்துவர்மீது கொலைக் குற்றம் சாட்டிப் புகார் கொடுக்கப்பட்டது. 1970-ல் வழக்குத் தொடரப்படாமலே அது கைவிடப்பட்டது. மக்கள் கைவிடவில்லை. மூளைச் சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்க வழி செய்யும் சட்டம் அங்கே வர 1997 ஆயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், ஓர் அறுவையின் நிழலில் கழிந்தன.

கண்ணுக்கு இத்தொல்லை கிடையாது. இதயமும் கல்லீரலும் பெரும்பாலும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்படுபவை. எனவே இறப்பு என்பது எது என்ற கடினமான கேள்வி அங்கே எழுகிறது. கண்ணையோ, மூச்சும் இதயமும் நின்று, வீட்டார் அழுது, ஊர் கூடிய பிறகும் எடுக்கலாம். இருந்தும் நாம் தயங்குகிறோம்.

தயக்கங்கள் சில நமக்குத் தெரிந்தவைதாம். முகம் விகாரமாகிவிடும் என்பது ஒன்று. வெளியூரிலிருந்து மகன் வந்து முகம் பார்க்க வேண்டுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் எடுத்த இடத்தில் கண் வடிவான ஓடு ஒன்றை வைத்து இமையை மூடிவிடுகிறார்கள். பல இடங்களில் இப்போது கண் முழுவதையும் எடுப்பதில்லை, முன்புறப் படலத்தை மட்டுமே எடுக்கிறார்கள். அடுத்த பிறவியில் பார்வையில்லாமல் பிறக்க நேரும் என்பது இன்னொன்று. இரு கண்களையும் தீக்குக் கொடுத்தவர் அடுத்த பிறவியில் எப்படிப் பார்ப்பார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை!

ஆனால் இவையெல்லாம் பெரிய தடைகள் அல்ல என்றே கருதுகிறேன். பெரிய தடை சாதாரணமானது: அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வருவதில்லை. கல்லூரி விழாக்களில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் கண் தான உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். கையெழுத்திட்டவர்களுக்கு இருபது வயது. அந்த அட்டை பயன்படும் நாள் அறுபது ஆண்டுக்குப் பின்னால் இருக்கிறது. அன்று அட்டை எந்த அலமாரியில் இருக்குமோ! அதே மாணவரின் வீட்டில் பாட்டி காலமாகும்போது தொலைபேசியை எடுப்பதற்கு அட்டை எதுவும் வேண்டாம். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, இறந்தவர் மறுப்பு எதுவும் தெரிவித்திராவிட்டால் நெருங்கிய உறவினர் ஒப்புதல் தரலாம். 1990-களில் ஐதராபாத் போன்ற இடங்களில் கண் வங்கிகள் இதை உணர்ந்து, மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர்களை அமர்த்தின. இறந்தவரின் குடும்பத்தாரிடம் சென்று, பக்கத்தில் அமர்ந்து, பொறுமையாகக் கேட்பதே அவர்கள் வேலை. மேடைப் பேச்சைவிட இந்தக் கேள்வி அதிகக் கண்களைக் கொண்டு வருகிறது.

மேலே சொன்ன உலகக் கணக்கெடுப்பின்படி, 2012-ல் 116 நாடுகளில் ஏறத்தாழ 1,85,000 கருவிழி மாற்று அறுவைகள் நடந்தன. எழுபது பேருக்குத் தேவை இருக்க, கிடைத்தது ஒருவருக்கு. எடுத்த கண்ணை வைத்திருக்கும் முறைகள் வளர்ந்துவிட்டன. முன்பு ஈரக் குடுவையில் ஒன்றிரண்டு நாளே தாங்கும். 1974-ல் மெக்கேரியும் காஃப்மனும் உருவாக்கிய ஊட்டநீரால் அது நான்கு நாளாயிற்று. இன்றைய கரைசல்களில் இரு வாரம் வரை வைக்கலாம். நோயுற்ற அடுக்கை மட்டும் மாற்றும் முறைகளும் வந்துவிட்டதால், சிர்ம் அன்று ஒரு படலத்தை இருவேறு கண்களுக்குப் பங்கிட்டதுபோல், ஒரு படலம் இரு நோயாளிகளுக்குப் பயன்படுவதும் உண்டு. 2011-ல் நம் சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவர் மட்டுமன்றிப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளரும் கருவிழியை எடுக்கலாம் என்றாயிற்று. சிற்றூருக்கும் ஆள் அனுப்புவது இதனால் எளிதாயிற்று.

ஆறு மணி நேரம்தான் நம் கையில் இருக்கிறது. இமைகளை மூடிவிடுங்கள், ஈரப் பஞ்சை அவற்றின்மேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்று பட்டால் படலம் உலர்ந்துவிடும். தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி வையுங்கள். பக்கத்துக் கண் வங்கிக்கோ அரசு மருத்துவமனைக்கோ சொல்லி அனுப்புங்கள். அவர்கள் வீட்டுக்கே வருவார்கள், அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். வெறிநாய்க்கடி, மஞ்சட்காமாலைக் கிருமி போன்ற சில நோய்கள் இருந்தால் அவர்கள் மறுப்பார்கள். 1978-ல் அமெரிக்காவில் கருவிழி வழியாகவே வெறிநாய்க்கடி நோய் பரவி ஒருவர் இறந்த பிறகு இதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். மற்றபடி, வயது எண்பது ஆயிற்றே, கண்ணாடி போட்டவராயிற்றே, சர்க்கரை நோயாளியாயிற்றே, புரை அறுவை செய்தவராயிற்றே என்று நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம். அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.